வடசென்னைப் படங்களில் பள்ளிக்கூடம் எங்கே?

2018 அக்டோபரில் 'வட சென்னை' வெளியானபோது என்னோடு படித்த ஒருவனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். துறைமுகம் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறவன். சினிமாவைப் பற்றி அதிகம் பேசமாட்டான். இடைவேளையில் டீயை உறிஞ்சிக்கொண்டே ஒன்று கேட்டான்: "ஏன்டா, இவனுங்கல்லாம் எந்த ஸ்கூல்ல படிச்சானுங்க?"

நான் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்கப்புறம் 'மெட்ராஸ்', 'பிகில்', 'சார்பட்டா பரம்பரை' எல்லாவற்றையும் திரும்ப உட்கார்ந்து பார்த்தேன். பார்க்கும்போதெல்லாம் அவன் கேள்விதான் கூடவே ஓடியது. இந்தக் கட்டுரை அதிலிருந்து வந்த குறிப்புகள்தான். நான் சினிமா விமர்சகன் இல்லை. சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன். எர்ணாவூர்க்காரன், இந்தப் பக்கத்துக் கத்தோலிக்க ஆண்கள் பள்ளி ஒன்றில் படித்தவன் என்பது மட்டும்தான் இதைப் பேச எனக்கு இருக்கும் தகுதி.

முதலில் படங்களுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். எண்ணூர் ரோட்டில் வளர்ந்தவனுக்கு, தன் ஊர் காமெடி டிராக்குக்கும் வில்லன் கோட்டைக்கும் மட்டும் பயன்பட்ட காலம் நன்றாக நினைவிருக்கும். 2014ல் 'மெட்ராஸ்' வந்தபோதுதான் எங்கள் ஹவுசிங் போர்டு மாடிப்படிகளைச் சினிமாவில் முதன்முதலாக மனுஷர்கள் ஏறி இறங்கும் படிகளாகப் பார்த்தேன். அதில் காளி ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிறவன், சாயங்காலம் ஃபுட்பால் ஆடுகிறவன். முடிவில் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துப் பாடம் சொல்கிறான். படிப்பு என்றால் என்ன என்று இரஞ்சித்துக்குத் தெரியும். 'வட சென்னை'யில் கடலோர மக்களை ரோடும் துறைமுகமும் எப்படி நெருக்கித் தள்ளுகின்றன என்பதை வெற்றிமாறன் காட்டியதுபோல் வேறு யாரும் காட்டியதில்லை.

இப்போது குறைக்கு வருகிறேன். இந்த நாலு படங்களிலும் ஒரு பையன் எப்படி மேலே வருகிறான்? 'மெட்ராஸி'லும் 'பிகிலி'லும் ஃபுட்பால், 'வட சென்னை'யில் கேரம், 'சார்பட்டா'வில் குத்துச்சண்டை. எப்படிக் கீழே போகிறான்? கத்தி, துரோகம், சாராயம். திறமையும் துரோகமும்தான் இவற்றின் இரண்டு இயந்திரங்கள். 'மெட்ராஸி'ல் காளி ஐ.டி. வேலைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தான் என்று படம் சொல்வதில்லை. எந்தப் பள்ளி, யார் ஃபீஸ் கட்டினார்கள், அவனோடு ஆறாம் வகுப்பில் உட்கார்ந்த அன்புக்கும் மற்றவர்களுக்கும் எந்த வகுப்போடு படிப்பு நின்றது? அந்த இடத்தில் ஒரு பெரிய வெள்ளைத்தாள்.

ஒரு படம் எல்லாவற்றையும் காட்ட வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 'வட சென்னை' ஒரு பையனின் வளர்ச்சியை வருடம் போட்டுச் சொல்லும் படம். இவன் எப்படி இப்படி ஆனான் என்பதே அதன் கேள்வி. அதே வருடங்களில் அந்த வட்டாரத்துப் பையன்கள் தினமும் ஏழெட்டு மணி நேரம் இருந்த இடம் ஒன்று உண்டு. அதை விட்டுவிட்டு ஒருவன் எப்படி ஆனான் என்று சொன்னால் கணக்கில் ஒரு ஸ்டெப் குறைகிறது. ஸ்டெப்புக்கும் மார்க் உண்டு என்று எங்கள் கணக்கு வாத்தியார் சொல்வார்.

கிறிஸ்தவம் இந்தப் படங்களில் இல்லாமலா இருக்கிறது? இருக்கிறது, பெயராக. 'பிகிலி'ல் அப்பா ராயப்பன், மகன் மைக்கேல். இராயப்பர் என்பது தமிழ்க் கத்தோலிக்கர்கள் பேதுருவுக்கு வைத்த பழைய பெயர். சின்னப்பர் என்றால் பவுல், சூசையப்பர் என்றால் யோசேப்பு. இராயபுரம் என்ற ஊர்ப்பெயரே அந்த இராயப்பரிடமிருந்து வந்தது என்பார்கள். 'சார்பட்டா'வில் எல்லோரும் 'டாடி' என்று கூப்பிடும் ஆங்கிலோ-இந்தியர் கெவின் இருக்கிறார், அருமையான பாத்திரம். அந்தப் படம் வந்தபோது பத்திரிகைகள் பேசிய பழைய வீரர்களில் ஒருவர் கித்தேரி முத்து. கித்தேரி ஒரு கத்தோலிக்கப் புனிதையின் பெயர். வீரமாமுனிவர் 'கித்தேரியம்மாள் அம்மானை' என்று ஒரு நூலே பாடியிருக்கிறார். ஆக, வடசென்னையின் குத்துச்சண்டை மேடையிலேயே கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டின் வாசனை அடிக்கிறது. படங்கள் அந்தப் பெயரை எடுத்துக்கொள்கின்றன. அந்தப் பெயரை வைத்த பங்கையும், அந்தப் பெயரை அட்டெண்டன்ஸில் கூப்பிட்ட பள்ளியையும் விட்டுவிடுகின்றன.

இந்தப் பள்ளிகள் இங்கே எப்படி வந்தன என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இது ஏதோ பழைய மாணவனின் ஏக்கமாகத் தெரியும். சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் கடலில் தள்ளி நின்றன. ஆளையும் சரக்கையும் அலையைத் தாண்டிக் கரைசேர்த்தது மசூலா படகு. அந்தப் படகோட்டிகளில் பெரும்பகுதி கத்தோலிக்கர்கள். இராயபுரம் இராயப்பர் கோயில் அவர்கள் தங்கள் உழைப்பிலிருந்து கட்டியது. 1856ல் இராயபுரத்தில் தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் திறந்தது. 1870களில் துறைமுக வேலை தொடங்கியது. கப்பல் நேராகச் சுவரோரம் வந்து நிற்க ஆரம்பித்தபின் மசூலா படகுக்கு என்ன வேலை? துடுப்புப் பிடித்த குடும்பத்துப் பிள்ளை இனிமேல் துறைமுகத்தில் மூட்டை தூக்க வேண்டும், இல்லையென்றால் கணக்கு எழுத வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த கதவுதான் பள்ளிக்கூடம் என்பது என் வாசிப்பு.

அந்தக் கதவுகள் ஏற்கெனவே பக்கத்தில் இருந்தன. ஆர்மீனியன் தெருவை நம் ஆட்கள் அரண்மனைக்காரன் தெரு ஆக்கிவிட்டார்கள் அல்லவா, அங்கே செயின்ட் மேரீஸ் 1839ல் தொடங்கியது. 1854ல் உட்ஸ் கல்வி அறிக்கை தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் என்ற முறையைக் கொண்டுவந்தது. மிஷன் பள்ளிகள் பெருக அது பெரிய காரணம். பிற்பாடு தொழிற்சாலைகள் வடக்கே நகர நகரக் குடியிருப்புகளும் நகர்ந்தன. திருவொற்றியூரில் தீப்பெட்டிக் கம்பெனி விம்கோ (கம்பெனி போனாலும் ரயில் நிலையமும் மெட்ரோவும் அந்தப் பெயரைச் சுமக்கின்றன), 1946ல் ஒரு சின்னக் கொட்டகையில் பலூன் செய்ய ஆரம்பித்த எம்.ஆர்.எஃப்., என்ஃபீல்டு, எண்ணூரில் அசோக் லேலண்டு. பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்கு ஒரு நகர், 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரத்திலிருந்து எடுத்து வைக்கப்பட்டவர்களுக்கு எர்ணாவூரில் அடுக்குக் குடியிருப்பு. இத்தனை திசையிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இடம் பள்ளிக்கூடம்தான்.

எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் இந்துப் பையன்கள், கொஞ்சம் முஸ்லிம் பையன்கள். ஒரு பீரியடு மட்டும் வகுப்பு இரண்டாகப் பிரியும். கத்தோலிக்கப் பையன்கள் ஞானோபதேசத்துக்கு எழுந்து போவார்கள், மற்றவர்களுக்கு நீதிபோதனை. கார்த்திகை மாசம் மாலை போட்ட பையன் கறுப்பு வேட்டியோடு, செருப்பில்லாமல், மாதா கெபிக்கு முன்னால் அசெம்பிளியில் நிற்பான். யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். சம்பளத்தை அரசு கொடுக்கிறது, நிர்வாகம் சபையுடையது, பிள்ளைகள் எல்லோருடையவர்களும். அரசு உதவிபெறும் சிறுபான்மைப் பள்ளி என்ற அலுவலக வார்த்தைக்கு நடைமுறை அர்த்தம் இதுதான். 2025 ஆகஸ்ட் 26ல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிவாக்கியபோது, விழா நடந்த இடம் மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப்பள்ளி. ஒரு திராவிடக் கட்சி அரசின் உப்புமா, ஒரு கத்தோலிக்கப் பள்ளியின் தட்டில். இந்தக் காட்சியில் இருக்கும் தமிழ்நாட்டை இரஞ்சித்தோ வெற்றிமாறனோ எடுத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன்.

சரி, பள்ளிக்கூடத்தைக் காட்டிய தமிழ்ப் படங்களே இல்லையா? 'சாட்டை' (2012), 'ராட்சசி' (2019) என்று இருக்கின்றன. அவற்றில் கெட்டுப்போன அரசுப் பள்ளிக்கு ஒரு நல்ல வாத்தியார் வந்து எல்லாவற்றையும் திருத்திவிடுவார். அதுவும் திறமைசாலி ஹீரோ கதைதான். பையனுக்குப் பதிலாக வாத்தியார் ஹீரோ, அவ்வளவுதான்.

நான் சொல்ல வருவது வேறு மாதிரிப் படம். 1969ல் கென் லோச் எடுத்த 'கெஸ்' அப்படி ஒன்று. இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி நகரம், நிலக்கரிச் சுரங்க வட்டாரம். பில்லி என்ற பையன் ஒரு வல்லூறுக்குஞ்சை எடுத்து வளர்க்கிறான். ஆனால் படத்தின் கணிசமான பகுதி பள்ளிக்கூடத்தில்தான் நடக்கிறது. தலைமையாசிரியர் அறைக்கு வெளியே பையன்கள் பிரம்படிக்குக் காத்திருக்கிறார்கள். வேறொரு வாத்தியார் சொன்ன தகவலைச் சொல்ல வந்த ஒரு பொடியனும் அந்த வரிசையில் மாட்டிக்கொள்கிறான். அவன் வாயைத் திறக்க விடாமல் அவனுக்கும் அடி விழுகிறது. இன்னொரு காட்சியில் வேலைவாய்ப்பு அதிகாரி பில்லியிடம் பேசுகிறார். ஆபீஸ் வேலையா, கைவேலையா என்று விசாரிக்கிறார். சுரங்கத்துக்குப் போகமாட்டேன் என்பதைத் தவிரப் பில்லிக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. வில்லன் இல்லை, கத்தி இல்லை. ஆனால் ஒரு தொழிற்சாலை வட்டாரம் தன் பிள்ளைகளைச் சல்லடையில் போட்டுச் சலிப்பதைக் கண்ணால் பார்க்கிறோம்.

எங்கள் பக்கத்துச் சல்லடை ஒன்பதாம் வகுப்பு.

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் எத்தனை சதவீதம் தேர்ச்சி என்பதுதான் பள்ளியின் மரியாதை. 100 சதவீதம் காட்ட இரண்டு வழி உண்டு. எல்லோரையும் பாஸ் ஆக வைப்பது கஷ்டமான வழி. ஃபெயில் ஆகக்கூடியவனைப் பத்தாம் வகுப்பு வாசலிலேயே நிறுத்துவது சுலபமான வழி. ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்ததும் சில அம்மாக்களைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். இது கத்தோலிக்கப் பள்ளிகளின் வியாதி மட்டும் இல்லை, ரிசல்ட்டை போர்டில் எழுதி மாட்டும் எந்தப் பள்ளிக்கும் வரக்கூடியது. ஆனால் பங்குக்குள்ளேயே இருக்கும் பள்ளியில் இதற்கு ஒரு கூடுதல் வலி உண்டு. டி.சி. வாங்கிக்கச் சொன்ன அதே ஃபாதரிடம்தான் ஞாயிற்றுக்கிழமை நன்மை வாங்க வரிசையில் நிற்க வேண்டும்.

என்னோடு 'வட சென்னை' பார்த்தவன் அந்த வாசலில் நின்றவன். வாலிபாலில் எங்கள் டீமின் உயரமான கை அவனுடையது. கணக்கு வரவில்லை. அவன் அம்மா எச்.எம். ரூமுக்கு வெளியே "ஃபாதர், இன்னும் ஒரு வருஷம் பாருங்க ஃபாதர், நான் சொல்லிக்கிறேன் அவன்கிட்ட" என்று சொன்னதை நான் கேட்டேன். ஃபீஸ் கட்ட நான் அதே வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அவன் தலையைக் குனியவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜூனில் நான் பத்தாம் வகுப்புக்குப் போனேன், அவன் யார்டுக்குப் போனான். அந்தப் பள்ளியின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எனக்கு எல்லாம் கொடுத்த பள்ளியும் அதுதான்.

இன்றைக்குச் சட்டம் என்ன சொல்கிறது? 2009ன் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. ஒன்பதாம் வகுப்பு அந்த வேலிக்குச் சரியாக ஒரு அடி வெளியே நிற்கிறது. இதில் இன்னொன்று: 2014 மே மாதம் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டமே சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்றது, அரசு உதவி பெற்றாலும் சரி. 2025 செப்டம்பரில் இரண்டு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பில் ஐயம் எழுப்பி, பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று தலைமை நீதிபதிக்கு அனுப்பியது. அரசியல் சட்டத்தின் 30வது பிரிவு சிறுபான்மையினருக்குக் கொடுத்த நிர்வாக உரிமை பெரிய உரிமை, அதைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அந்த உரிமை யாருக்காக? அதே சிறுபான்மையில் கணக்கு வராத படகுக்காரர் மகனுக்கு அதில் எவ்வளவு பங்கு?

சபைக்குள்ளிருந்தே இந்த மாதிரிக் கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. 1992ல் வந்த 'கருக்கு'வில் பாமா அதைத்தான் கேட்டார். ஏழைகளுக்குச் சேவை என்று மடத்துக்குள் போனவர், மடம் நடத்தும் பள்ளிக்கூடம் வசதியானவர்களுக்குப் பணிவிடை செய்வதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். தலித் கிறிஸ்தவப் பெண் ஒருவர் உள்ளே இருந்து எழுதிய கணக்கு அது. கத்தோலிக்க ஆண்கள் பள்ளிக்கு, அதுவும் வடசென்னையின் பள்ளிக்கு, அப்படி ஒரு நேர்மையான புத்தகத்தையோ படத்தையோ நான் இன்னும் பார்க்கவில்லை.

சினிமாவைக் குறை சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நம் பக்கத்துக் குறையையும் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூடத்தைப் பற்றி நாங்களே எழுதியதெல்லாம் எங்கே இருக்கிறது? ஆண்டுமலரில், வெள்ளிவிழா மலரில், பொன்விழா மலரில். என்னிடம் இப்படிப் பத்துப் பன்னிரண்டு மலர்கள் இருக்கின்றன. பழைய புத்தகக் கடைகளில் பொறுக்கியது. எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்பு. பேராயர் வாழ்த்து, முன்னாள் தலைமையாசிரியர்கள் வரிசையாக அங்கி போட்ட படங்கள், முதல் மதிப்பெண் எடுத்தவர்கள் பட்டியல், டாக்டர் ஆனவர், இன்ஜினியர் ஆனவர், அமெரிக்காவில் இருப்பவர், கடைசியில் விளம்பரங்கள். வெளியே போனவன் எதிலும் இல்லை.

ஆக, இந்த வட்டாரத்துப் பையனுக்கு இரண்டு இடத்தில்தான் உருவம் கிடைக்கிறது. சினிமாவில் ரவுடியாகவோ சாம்பியனாகவோ, மலரில் ரேங்க் ஹோல்டராகவோ. ரவுடிக்குப் பள்ளி இல்லை, ரேங்க் ஹோல்டருக்குத் தெரு இல்லை. இரண்டுக்கும் நடுவில், எட்டு மணி ஷிஃப்டு பார்த்து, வட்டி கட்டி, பிள்ளைக்கு டியூஷன் வைத்து, பெரும்பாலானவர்கள் வாழ்கிறார்கள். அவர்கள் எந்த வகுப்போடு எழுந்து போனார்கள் என்ற விவரத்தில்தான் வடசென்னையின் கதை இருக்கிறது என்பது என் வாதம். அது இல்லாததால்தான் நல்ல படங்களும் கடைசியில் துரோகத்தையே காரணமாகக் காட்டி முடிக்க வேண்டியிருக்கிறது. எவனோ ஒருத்தன் காட்டிக்கொடுத்ததால் இப்படி ஆச்சு என்றால் பார்க்கிறவர்களுக்கும் ஒரு நிம்மதி. யாரும் காட்டிக்கொடுக்காமல், நல்ல மனுஷர்கள் நல்ல எண்ணத்தோடு மார்க் ஷீட்டைப் பார்த்து முடிவெடுத்ததால் இப்படி ஆச்சு என்றால் அந்த நிம்மதி கிடைக்காது.

இதையெல்லாம் படமாக எடுத்தால் யார் பார்ப்பார்கள் என்று என் நண்பனிடமே கேட்டேன். "வாலிபால் மேட்ச் ஒண்ணு வை, பாப்பாங்க" என்றான்.

ஆராய்ச்சி ஆசை உள்ளவன் என்ற முறையில் எனக்கு ஒரு ஆவணத்தின் மேல்தான் கண். ஒவ்வொரு பள்ளியிலும் டி.சி. புத்தகம் இருக்கும். மாற்றுச் சான்றிதழைக் கிழித்துக் கொடுத்தபின் அடிக்கட்டை பள்ளியிலேயே தங்கும். பெயர், பிறந்த தேதி, உடலில் உள்ள மச்சம், எந்த வகுப்பில் விட்டான், மேல்வகுப்புக்குத் தகுதி பெற்றானா, நடத்தை. சாதனைப் பலகையை எல்லோரும் படம் எடுத்துப் போடுகிறார்கள். ஐம்பது வருடத்து அடிக்கட்டைகளை, பெயரை மறைத்துவிட்டு, வகுப்புவாரியாக எண்ணினாலே போதும். எந்த வருடம் எந்த வகுப்பில் எத்தனை பேர் விழுந்தார்கள், எந்தக் கம்பெனி மூடிய வருடம் அது, எந்தப் புயலுக்கு அடுத்த வருடம் அது என்று தெரிந்துவிடும். எக்செல் வேலை நான் செய்கிறேன். இதைப் படிக்கும் தலைமையாசிரியர் யாராவது கதவைத் திறந்தால் போதும்.

நண்பனின் டி.சி.யை ஒரு தடவை பார்த்திருக்கிறேன், லைசென்ஸ் எடுப்பதற்காக லேமினேட் செய்து வைத்திருந்தான். இடது தோளில் ஒரு மச்சம். மேல்வகுப்புக்குத் தகுதி: இல்லை. நடத்தை: நன்று.